ஒரு வரி, ஒரு கேள்விக்குறி

அக்டோபர் 14, செவ்வாய்

காகித டைரியை நிறுத்திவிட்டேன். இப்போதெல்லாம் கோடுகளை மிக மங்கலாக அச்சடிக்கிறார்கள். குன்னூர் பஜாரில் எல்லாக் கடையிலும் கேட்டாயிற்று, எல்லாம் அதே தரம். இனி நாட்குறிப்பும் கணினியில்தான், நான் நிரல், அதாவது புரோகிராம், எழுதும் ஈடியிலேயே.

ஈடி மிகப் பழைய எழுதுகருவி. கறுப்புத் திரை, பட்டன் இல்லை, படம் இல்லை, மவுஸுக்கு வேலை இல்லை. ஒரு வரியின் எண்ணைச் சொன்னால் அந்த ஒரு வரியைக் காட்டும். மாற்றச் சொன்னால் மாற்றும். நாம் தவறாக ஏதாவது சொன்னால் ஒரே ஒரு கேள்விக்குறி போடும். என்ன தவறு என்று சொல்லாது. கான்வென்ட்டில் சிஸ்டர் இக்னேஷியா அப்படித்தான். புருவம் ஒன்று மேலே போகும், அவ்வளவுதான். தவறை நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தோம்.

செலின் காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள். செலின் என் கணவர் இஞ்ஞாசியின் தங்கை. அவர் போன பிறகு என்னோடு இருக்கிறாள்.

"என்ன அண்ணி, டைரியும் அதுலயேவா?"

"ஆமா, ஈடிலதான்."

"வெளிய சத்தமா சொல்லாதீங்க. இஞ்ஞாசி வீட்டுல ரெய்டுன்னு ஊரே கூடிரும்."

மாலையில் ஹாலன் போன் செய்தார். தென்சரிவுத் தோட்டங்கள் சங்கத்தின் செயலாளர். மழை நிரலைக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியிடம் பராமரிப்புக்குக் கொடுத்திருக்கிறார்களாம். டிசம்பர் ஒன்றாம் தேதிக்குப் பிறகு அந்தக் கம்பெனியின் புதிய கருவி வழியாக மட்டுமே யாரும் அதைத் தொட முடியும். ஈடி வழியாக நான் நுழையும் பழைய கதவை மூடிவிடுவார்கள்.

"நீங்க தொடர்ந்து பாத்துக்கலாம் மேடம். புதுசுல பழகிக்கிட்டாப் போதும்."

மழை நிரலை எழுதியவள் நான். ஒவ்வொரு தோட்டமும் சில டிவிஷன்கள், அதாவது பகுதிகள்; ஒவ்வொன்றிலும் உள்ள மழைமானி கணக்கு அனுப்பும். பெய்த அளவு வரம்பைத் தொட்டால் அந்த டிவிஷனில் சைரன் ஒலிக்கும்; மலைச்சரிவின் கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருப்பவர்கள் தோட்டப் பள்ளிக்கு ஏறிவிடுவார்கள். இருபது ஆண்டுகளாக அது ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. அதைப் பார்த்துக்கொள்ள எனக்கு இவர்கள் அனுமதி தருகிறார்களாம்.

அக்டோபர் 16, வியாழன்

கம்பெனியிலிருந்து முபீனா வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வேகமான நடை, வேகமான பேச்சு. மலையேறி வந்த பஸ் பற்றி ஒரு புகாரும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. மடிக்கணினியைத் திறந்து புதிய கருவியைக் காட்டினாள்.

இடது பக்கம் கோப்புகளின் வரிசை. வலது ஓரத்தில் முழு நிரலும் எறும்பு ஊர்வது போல ஒரு குட்டிப் படமாக. நடுவில், நான் இரண்டு எழுத்து அடிப்பதற்குள் மீதியைத் தானே சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டுகிறது. கீழே ஏதோ சிவப்பில் மின்னியது. மேலே ஏதோ பெட்டி திறந்தது.

"எப்படி இருக்கு மேடம்?"

"நான் பேசி முடிக்கிறதுக்குள்ள குறுக்க பேசுது. எங்க ஸ்கூல்ல இதுக்கு வெளிய நிக்க வைப்பாங்க."

சிரித்தாள். "அதை ஆஃப் பண்ணிக்கலாம். நெசமாச் சொல்லுங்க, ஏன் இன்னும் ஈடி? எங்க ஆபீஸ்லயும் ரெண்டு பேரு கறுப்புத் திரையிலதான் வேலை பாக்குறாங்க. முப்பது வயசுகூட ஆகல. அவங்களும் விடமாட்டேங்கிறாங்க."

"அவங்க என்ன காரணம் சொல்றாங்க?"

"கை பழகிருச்சாம். மவுஸுக்குக் கை போற நேரத்துல யோசனை அறுந்துபோகுதாம்."

"நல்ல பிள்ளைங்க."

என் காரணத்தையும் சொன்னேன். கேட்டால்தான் பதில் சொல்லும், கேட்காமல் வாயைத் திறக்காது. அந்த ஒழுக்கம் கருவிக்கு இருந்தால்தான் எனக்கும் இருக்கும்.

அவள் கிளம்பும்போது டீ ஊற்றினேன். கோப்பை நிரம்பி மேஜையில் வழிந்தது. இந்தப் புதுக் கோப்பைகளின் உயரம் ஒன்றுபோல இல்லை.

அக்டோபர் 18, சனி

மழை. தையல் ஊசியில் நூல் கோக்க செலினைக் கூப்பிட்டேன். ஊசிகளும் மட்டம்.

அக்டோபர் 23, வியாழன்

இரண்டு நாள் காற்று, இணையம் நூலாகத் தேய்ந்துவிட்டது. முபீனா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். சங்கத்தின் கணினியில் அவளுடைய கருவி திறக்கவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். நான் ஈடியில் நுழைந்து, அவள் கேட்ட வரியைப் படித்துச் சொன்னேன். படிக்க என்ன இருக்கிறது, எனக்கு அது மனப்பாடம்.

"உங்களுக்கு மட்டும் எப்படி மேடம் போகுது?"

"என் கருவி ஒரு வரிதான் கேக்குது. உன்னோடது கல்யாண வீட்டுச் சாமான் மொத்தத்தையும் மலை மேல ஏத்தச் சொல்லுது."

இது இரண்டாவது காரணம். இதுவும் உண்மை.

திறக்கும்போதும் சேமிக்கும்போதும் மொத்த எழுத்துகளின் எண்ணிக்கையை ஈடி சொல்லும்; பிறகு நிரலைத் திறந்தபோது அந்த எண் கூடியிருந்தது. விசாரித்தால், முபீனா போன வாரமே நிரலின் தலையில் தன் கம்பெனி பெயரை ஒரு வரியாக ஏற்றியிருக்கிறாள். டம்ளரில் பெயர் வெட்டுவது போல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் ஒரு வளர்ப்புதான்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். செலினும் நானும் மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு போனோம். செலின் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். நான் காத்திருக்கவில்லை. என் கணவரின் கல்லறைக்கு எனக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. வேலியோர வரிசையில் ஏழாவது. எண்ணிக்கொண்டே போய், மண்ணைத் துடைத்து, பூவை வைத்து, ஒரு பரலோக மந்திரமும் சொல்லி முடித்திருந்தேன்.

"அண்ணி, இது சார்லஸ் மாமா."

"என்ன?"

"அண்ணன் அந்தப் பக்கம் இருக்காரு. நீங்க சார்லஸ் மாமாவுக்குப் பூ வச்சிருக்கீங்க. அவருக்கு உயிரோட இருக்கும்போதுகூட யாரும் இவ்வளவு பூ வைக்கல."

வரிசையின் தொடக்கத்தில் புதிதாக ஒருவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அதனால் எல்லோரும் ஓர் இடம் தள்ளிப் போய்விட்டார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. போதாததற்கு இரண்டு கல்லும் ஒரே கருங்கல், ஒரே கைவேலை. யாருக்கும் குழம்பும்.

சார்லஸ் மாமாவிடமிருந்து பூவைத் திரும்ப எடுக்கவில்லை. அது நாகரிகம் இல்லை.

நவம்பர் 5, புதன்

ஹாலன் பேசினார். மணல்மேடு எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் லைன் வீடுகளுக்குப் பின்னால் சாலைக்காக மண்ணை வெட்டியிருக்கிறார்கள். சரிவு பலவீனம். அதனால் அங்கே மட்டும் சைரன் வரம்பை எண்பது மில்லிமீட்டரிலிருந்து அறுபதாகக் குறைக்க வேண்டும்.

இருநூற்றுப் பதினெட்டாவது வரி. மேல் டிவிஷன் அதற்கு முந்தின வரி. எண்ணைச் சொன்னேன், எண்பதை அறுபதாக்கச் சொன்னேன். கேள்விக்குறி வரவில்லை. சேமித்தேன். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது. இதையே முபீனாவின் கருவியில் செய்தால் அது என்னிடம் நான்கு கேள்வி கேட்டு, மூன்று யோசனை சொல்லியிருக்கும்.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் வரியைத் திரையில் அச்சிட்டுப் பார்ப்பது என் வழக்கம். இன்று தேவைப்படவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று நல்ல மழை. கீழ் டிவிஷனில் ஐம்பத்தேழு. வரம்பைத் தொடவில்லை, சைரன் ஒலிக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பூசையில் வாசகம் வாசிக்கும் முறை என்னுடையது. தொண்டை சரியில்லை என்று செலினை அனுப்பினேன்.

நவம்பர் 10, திங்கள்

முபீனா போன் செய்தாள்.

"மேடம், ஒரு சின்ன டவுட்."

"சின்னதுக்கு எதுக்கு போன்? மெசேஜ் போடலாமே."

"போட்டேன் மேடம். மெசேஜ் எல்லாம் நீங்க இப்ப படிக்கிறதில்ல." சற்றுத் தயங்கினாள். "அறுபதுக்கு மாத்தச் சொன்னது கீழ் டிவிஷனுக்குத்தானே?"

"ஆமா. மாத்தியாச்சு."

"மேல் டிவிஷன் மாறியிருக்கு."

"இருக்காது."

"இருக்கு மேடம். எங்க கருவியில பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல கலர்ல காட்டும். நான் அதைப் பாத்துட்டுத்தான் பேசுறேன்."

"முபீனா, உன் கருவி கலர் காட்டட்டும். அந்த நிரல்ல எந்த வரி எங்க இருக்குன்னு எனக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும்."

"தெரியும் மேடம். இருந்தாலும் ஒரே ஒரு தடவை பாருங்களேன். கோவிச்சுக்காம."

இருநூற்றுப் பதினெட்டை அச்சிடச் சொன்னேன். வரி வந்தது. டிவிஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஈரக்கையால் தேய்த்தது போல ஒரு கறை. திரையைத் துடைத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். கறையும் பெரிதானது. செலினைக் கூப்பிட்டேன்.

"என் கண்ணாடி அங்க இருக்கு. இதைக் கொஞ்சம் படி."

கண்ணாடி என் முகத்தில்தான் இருந்தது. செலின் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குனிந்து படித்தாள். "மேல் டிவிஷன். அறுபது."

"அடுத்த வரி?"

"கீழ் டிவிஷன். எண்பது."

மண்ணை வெட்டிய மேட்டுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு எண்பது. சனிக்கிழமை பெய்தது ஐம்பத்தேழு. இன்னும் ஒரு மணி நேரம் பெய்திருந்தால் அறுபதைத் தாண்டியிருக்கும். சைரன் வாயைத் திறந்திருக்காது.

செலின் வாய்விட்டுப் படிக்கப் படிக்க இரண்டு வரியையும் திருத்தினேன். சேமித்தேன். முபீனா போனில் காத்திருந்தாள்.

"என் மேலயும் தப்பு இருக்கு மேடம். மேல கம்பெனி பேரு ஒரு வரி சேத்தேன்ல, அதுல எல்லாம் ஒண்ணு கீழ தள்ளிப் போயிருச்சு. உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"அது காரணம் இல்ல. வரி கூடினது எனக்குத் தெரியும். பாக்காம மாத்துனது நான். ஹாலன்கிட்ட நீ சொல்லாத. நான் சொல்றேன்."

"நான் சொல்றதாவே இல்ல மேடம்."

"அதான் சொல்றேன். மறைக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். அது என் வேலை."

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் இங்கே நீளமாக எழுதினேன். எழுதியதைச் சேமிக்காமல் வெளியேறச் சொன்னேன். ஈடி கேள்விக்குறி போட்டது. முதல் முறை அது தடுக்கும்; இரண்டாம் முறை சொன்னால் தடுக்காது. இரண்டாம் முறையும் சொன்னேன்.

நவம்பர் 12, புதன்

இரவு உணவின்போது செலின் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஆகஸ்ட்ல தனியா கோயம்புத்தூர் போனீங்களே, எதுக்கு?"

"சொன்னேனே. பட்டுப்புடவை எடுக்க."

"புடவை எங்க?"

"பிடிச்ச மாதிரி கிடைக்கல."

"அண்ணி, மூணு மாசமா நீங்க என் மூஞ்சியைப் பாக்கல. என் காதைப் பாத்துப் பேசுறீங்க. எதைப் படிக்கிறதுன்னாலும் கோழி மாதிரி தலையைச் சாய்ச்சுக்கிறீங்க. உங்களுக்கு நடுவுல தெரியல, ஓரத்துல மட்டும் தெரியுது. டாக்டர் என்ன சொன்னாரு?"

கோழி என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"திரும்ப வராதுன்னாரு," என்றேன். "முழுசாவும் போகாதுன்னாரு."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ இப்படி அழுவேன்னுதான்."

"நான் அழல. மிளகாய்." எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "அந்த வேலையை விட்டுருங்க அண்ணி. யாரும் குறையாப் பேச மாட்டாங்க. கௌரவமாத்தான் இருக்கும்."

"தெரியாதுன்னு விடலாம் செலின். தெரிஞ்ச வேலையை எப்படி விடுறது?"

நவம்பர் 15, சனி

எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் நிரல் ஒன்றைக் கணினியில் பொருத்தினேன். யாருடைய உதவியும் இல்லாமல். நேற்றும் இன்றும் அதற்கே சரியாகிவிட்டது.

திங்கட்கிழமை சங்கத்தின் கமிட்டிக் கூட்டம். நானே கேட்டுக் கூட்டச் சொன்னது.

நவம்பர் 17, திங்கள்

நீல நிறக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போனேன். பழையதுதான். மடிப்பு கலையாமல் இருந்தது.

ஹாலன், நான்கு தோட்டத்து மேனேஜர்கள், முபீனா. நின்றுகொண்டுதான் பேசினேன். நவம்பர் ஐந்தாம் தேதி நான் செய்த தவறு என்ன, எப்படி நேர்ந்தது, அதனால் கீழ் டிவிஷன் எத்தனை நாள் காவலில்லாமல் இருந்தது, அதைக் கண்டுபிடித்தது முபீனா என்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பார்க்காமல் மாற்றியதன் காரணத்தையும் சொன்னேன். அதை இங்கே மறுபடி எழுத அவசியமில்லை.

பிறகு ஒரு மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "மேடம், உங்க சர்வீஸை யாரும் மறக்க மாட்டோம். ஒரு சால்வை போட்டு, ஒரு நல்ல விழா எடுத்து…"

"சால்வை நிறைய இருக்குங்க. குன்னூர்க் குளிருக்கே போதும்."

முபீனா வாயைப் பொத்திக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அவளையே கூப்பிட்டேன். "உன் கருவியைத் திற. வாசிக்கும் குரலைப் போடு. எல்லாரும் கேக்கட்டும்."

போட்டாள். குரல் தொடங்கியது. மெனு என்றது, தாவல் என்றது, எச்சரிக்கை ஒன்று என்றது, பரிந்துரை மூன்று என்றது, கோப்புகளின் பெயரை ஒவ்வொன்றாக ஏலம் போட்டது. வரி வருவதற்குள் ஹாலன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

பிறகு என் மடிக்கணினியைத் திறந்தேன். எண்ணைச் சொன்னேன். குரல் ஒரே ஒரு வரியை வாசித்தது: கீழ் டிவிஷன், அறுபது. பிறகு மௌனம்.

"பழசு மேல இருக்கிற ஆசையால நான் இதைக் கேக்கல," என்றேன். "கேட்டதை மட்டும் சொல்லி, வாயை மூடிக்கிற கருவி இதுதான். காதால வேலை செய்றவங்களுக்கு அந்த மௌனம் வேணும். இதைச் செஞ்சவங்க அதை நினைச்சுச் செஞ்சாங்களோ இல்லையோ."

முபீனா எழுந்தாள். அவள் கருவிக்காக வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செய்ததும் அதுதான், நேர்மையானவள். "எங்க கருவியையும் குரலுக்கு ஏத்த மாதிரி அமைக்கலாம் சார். பழக நாளாகும். மேடத்தால பழக முடியும்."

"முடியும்," என்றேன்.

"ஆனா இந்த மழைக்காலத்துல பழக வேண்டாம்னு நான் சொல்றேன் சார். அவங்க விரலுக்கு இருக்கிற பழக்கத்தை நடுவுல கலைக்கக் கூடாது. பழைய கதவு திறந்தே இருக்கட்டும்."

அப்போதுதான் என் நிபந்தனையைச் சொன்னேன். என் நிபந்தனை, அவர்கள் விதித்தது அல்ல. வரியை வாசிக்கக் கேட்காமல் நான் இனி எதையும் மாற்ற மாட்டேன். நான் மாற்றுவது எதுவும் முபீனா தன் கலர்களில் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் சைரனுக்குப் போகக் கூடாது. அவள் மாற்றுவது எதுவும் நான் காதால் கேட்காமல் போகக் கூடாது. தலையில் ஏற்றுகிற கம்பெனி பெயர் உட்பட.

"அது எனக்கு வேணும்தான் மேடம்," என்றாள் முபீனா.

ஹாலன் கேட்டார், "ரெண்டு பேருக்கும் ஒத்துவரலைன்னா?"

"ஒத்துவர்ற வரைக்கும் யாரும் எதையும் தொட மாட்டோம்."

சால்வை பேச்சு மறுபடி எழவில்லை. வெளியே வந்ததும் முபீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். படிக்கட்டுக்காக என்று சொன்னாள். பிடித்துக்கொள்ள அனுமதித்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

இன்று கதவு மூடும் நாள். ஈடியில் நுழைந்தேன். திறந்தது.

டிசம்பர் 3, புதன்

புயல் கரையைத் தொடுவதற்கு முன்பே மலைக்கு மழை வந்துவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்குச் செலின் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"சாத்தாத," என்றேன்.

"சாரல் அடிக்குது அண்ணி. டைரி எழுதுற கம்ப்யூட்டரே நனைஞ்சிரும்."

"ஒரு துண்டைப் போட்டு மூடு. ஜன்னல் திறந்தே இருக்கட்டும்."

சிறிது நேரத்தில் கேட்டது. நீளமாக, பள்ளத்தாக்கின் தெற்கு மூலையிலிருந்து. மேல் டிவிஷன் என்றால் சத்தம் தேவாலயத்தின் பக்கமிருந்து வரும். இது கீழிருந்து வந்தது.

"எது அண்ணி?"

"கீழ் டிவிஷன். அறுபது."

செலின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஹாலன் ஆறு மணிக்கு அழைத்தார். லைன் வீடுகள் எல்லாம் காலி, அத்தனை பேரும் தோட்டப் பள்ளியில். பின்னால் உள்ள மண் அசையவில்லை, அப்படியே நிற்கிறது. குரலில் களைப்பு.

"ஆளுங்க திட்டுறாங்க மேடம். பாதிச் சமையல்ல அடுப்பை அணைச்சிட்டு ஏறி வந்தோம், ஒரு பிடி மண்ணுகூட விழலியேன்னு. உங்க பேரைச் சொல்லியே திட்டுறாங்க."

"எல்லாருமா திட்டுறாங்க?"

"எல்லாருந்தான் மேடம்."

"திட்டட்டும் ஹாலன். திட்டுறதுக்கு எல்லாரும் இருக்காங்கல்ல."

அவர் சிரித்தார்.

முபீனாவிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. குரல் வாசித்தது: மேடம், கேட்டுச்சா? கேட்டது என்று பதில் போட்டேன்.

நவம்பர் பதினொன்றாம் தேதி எழுதி அழித்ததை இப்போது மறுபடி எழுதுகிறேன். என் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரம் இருக்கிறது. செலினின் முகம் எனக்குத் தெரியாது. அவள் காதுத் தோடு தெரியும். இஞ்ஞாசியின் கல்லறை வேலியோர வரிசையில் எட்டாவது. எழுபத்திரண்டு வயதில் நான் ஒரு நிரலைப் பார்த்துக்கொள்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.

இதைச் சேமிக்கப் போகிறேன். குரல் ஓர் எண்ணை வாசிக்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பாராட்டாக வராது. வேண்டியதில்லை.